டிரை, வெட், பச்சைக் கறி: உங்கள் பூனைக்கு எது என்று முடிவு செய்வது எப்படி

எங்கள் வீட்டிலிருந்து இதுவரை முப்பதுக்கும் மேற்பட்ட பூனைக்குட்டிகள் வேறு வீடுகளுக்குப் போயிருக்கின்றன. தெருவில் கிடைத்ததை எடுத்துவந்து, பால் ஊட்டி வளர்த்து, தடுப்பூசி போட்டு, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்போம். கொடுத்த மூன்றாம் நாள் அநேகமாக ஒரு போன் வரும். "சாப்பிடவே மாட்டேங்குது" என்பார்கள், இல்லையென்றால் "வயிற்றால் போகுது" என்பார்கள். விசாரித்தால் நடந்தது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: கடைக்காரர் சொன்னதால் ஒரு பை, யாரோ வீடியோவில் காட்டியதால் பச்சைக் கோழி, பாட்டி சொன்னதால் பால்சோறு, எல்லாம் ஒரே வாரத்தில்.

மோசமான உணவால் வந்த பிரச்சினையைவிட, முடிவெடுத்த வரிசை மாறிப்போனதால் வந்த பிரச்சினையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முதலில் பூனை, அப்புறம் வீடு, அப்புறம் கணக்கு. கடைக்குப் போவது அதற்குப் பிறகுதான். கீழே உள்ளவற்றையும் அந்த வரிசையிலேயே செய்யுங்கள். டிரை என்றால் பையில் வரும் காய்ந்த உருண்டை உணவு, வெட் என்றால் பவுச் எனப்படும் சின்ன உறையிலோ டின்னிலோ வரும் ஈரமான உணவு.

1. கையில் இருக்க வேண்டியவை

கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வேண்டும். டம்ளர் கணக்கிலோ கைப்பிடிக் கணக்கிலோ அளந்தால் தினமும் 10 கிராம் கூடக்குறையப் போகும். நமக்கு 10 கிராம் பெரிதில்லை. 4 கிலோ பூனைக்கு டிரை உணவில் 10 கிராம் என்பது அன்றாடச் சாப்பாட்டில் ஏழில் ஒரு பங்கு.

பூனையின் எடை தெரிய வேண்டும். ஆள் எடை பார்க்கும் குளியலறைத் தராசில் அதைத் தனியாக நிறுத்த முடியாது. நீங்கள் பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி ஒரு முறை, இறக்கிவிட்டு ஒரு முறை பாருங்கள். வித்தியாசம்தான் அதன் எடை. குட்டி என்றால் சமையலறைத் தராசில் ஒரு டப்பாவுக்குள் உட்கார வைத்துப் பார்க்கலாம்.

மூன்று நாள் குறிப்பு எழுதுங்கள். என்ன சாப்பிட்டது, எத்தனை கிராம், தண்ணீர் குடித்ததா, லிட்டர் பாக்ஸில் (பூனை மலம், சிறுநீர் கழிக்கும் மண் பெட்டி) சிறுநீர் பட்டு உருண்ட மண் கட்டி எத்தனை, மலம் எப்படி இருந்தது. இதை எழுதாமல் உணவை மாற்றினால், மாற்றிய பிறகு வரும் எதையும் எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் போகும்.

7 வயதைத் தாண்டிய பூனை என்றால் உணவை மாற்றும் முன் ஒரு முறை கால்நடை மருத்துவரிடம் இரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துவிடுங்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் பூனை அதை வெகுகாலம் வெளியே காட்டாது.

2. முதலில் பூனையைப் பாருங்கள்

பூனை முழுக்க முழுக்க இறைச்சி தின்னும் உடம்பு. டாரின் என்ற சத்து அதற்குப் போதிய அளவு உடம்பில் உருவாவதில்லை, உணவிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் இதயத் தசை தளர்ந்து விரியும், கண்ணின் விழித்திரை கெடும். நாம் கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ எடுத்துக்கொள்கிறோம். பூனையால் அது முடியாது, இறைச்சியில் தயாராக இருக்கும் வைட்டமின் ஏ தான் வேண்டும். அதனால் சைவ வீடாக இருந்தாலும் பூனை சைவமாக முடியாது. தயிர்சாதத்தில் வளர்ந்த பூனை என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அது வெளியே போய் எலியும் பல்லியும் பிடித்துத் தின்றிருக்கும். வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்க்கும் பூனைக்கு அந்த வழி இல்லை.

நாய் உணவும் ஆகாது. நாயின் உடம்பு டாரினைத் தானே செய்துகொள்ளும் என்பதால், பூனைக்கு வேண்டிய அளவு அதில் இருக்கும் என்று நம்ப முடியாது.

இனி உங்கள் பூனைக்கு வருவோம்.

ஒரு வயதுக்குக் கீழே என்றால் குட்டிகளுக்கான உணவுதான். வயிறு சிறியது, தேவையோ பெரியது. 1 கிலோ குட்டிக்கு, 4 கிலோ பெரிய பூனையின் சாப்பாட்டில் முக்கால் பங்குக்கும் மேல் வேண்டியிருக்கும். அதை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சினையாக இருக்கும், பாலூட்டும் தாய்க்கும் இதே குட்டி உணவுதான். இன்னொரு காரணத்துக்காகவும் இந்த வயது முக்கியம்: குட்டியில் எந்த மாதிரி உணவைத் தின்று பழகுகிறதோ அதையே பெரிதான பிறகும் உணவு என்று ஒத்துக்கொள்ளும். எங்களிடம் வளரும் குட்டிகளுக்கு டிரை, வெட் இரண்டையும் காட்டிவிடுகிறோம். பின்னால் நோய் வந்து மருத்துவர் ஏதாவது ஒன்றுக்கு மாறச் சொல்லும்போது அது உயிரைக் காக்கும்.

கருத்தடை செய்த கடுவன் பூனை, வீட்டை விட்டு வெளியே போகாதது, நாள் முழுக்கத் தூங்குவது என்றால் தண்ணீரைத்தான் முதலில் நினைக்க வேண்டும். கடுவனின் சிறுநீர்க் குழாய் குறுகலானது. தண்ணீர் குறைந்து சிறுநீர் கெட்டியானால் படிகங்களும் சளி போன்ற கசடும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். லிட்டர் பாக்ஸில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை, கத்துகிறது என்றால் அது மலச்சிக்கல் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனை. ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். ஒரு முறை அடைப்பு வந்த கடுவனுக்கு நான் டிரை மட்டும் கொடுக்கவே மாட்டேன்.

சிறுநீரக நோய் என்றால் மருத்துவர் சொல்லும் பாஸ்பரஸ் குறைந்த உணவு, முடிந்தவரை வெட் வடிவில். நீரிழிவு என்றால் மாவுச்சத்து குறைந்த வெட் உணவு பெரும்பாலும் நல்லது செய்யும். ஆனால் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது நீங்களாக உணவை மாற்றாதீர்கள். மாவுச்சத்து குறைந்ததும் பழைய அளவு இன்சுலினே அதிகமாகி, சர்க்கரை சட்டென்று இறங்கி வலிப்பு வரலாம். மாற்றும் நாளை மருத்துவரோடு சேர்ந்து குறிக்க வேண்டும்.

கடைசியாக உடம்பைத் தடவிப் பாருங்கள். உங்கள் உள்ளங்கையைக் கீழே பார்க்க விரித்து, விரல்களுக்குக் கீழே உள்ள புறங்கை எலும்புகளைத் தடவுங்கள். விலா எலும்பு அப்படித் தெரிந்தால் சரியான உடம்பு. முஷ்டி மடக்கும்போது மொட்டுமொட்டாகத் துருத்துவதுபோல் இருந்தால் மெலிவு. உள்ளங்கையைத் தடவுவதுபோல் மெத்தென்று இருந்தால் எடை கூடிவிட்டது.

3. அப்புறம் வீட்டைப் பாருங்கள்

காலை 8 மணிக்குப் பூட்டினால் இரவு 8 மணிக்குத் திறக்கும் வீடு என்றால் வெட் உணவை வைத்துவிட்டுப் போக முடியாது. நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரம், மின்விசிறிக் காற்றில் அதிகபட்சம் இரண்டு மணி நேரம். அதற்கு மேல் கிண்ணத்தில் இருப்பதைக் கொட்டிவிட வேண்டும். அப்படிப்பட்ட வீட்டுக்குக் காலையும் இரவும் வெட், பகலில் அளந்த டிரை என்பதுதான் நடக்கக்கூடியது.

அடிக்கடி மின்வெட்டு உள்ள இடமா? ஃபிரிட்ஜில் இறைச்சி தொட்ட எதையும் வைக்கக் கூடாது என்ற வீடா? கர்ப்பிணி, கைக்குழந்தை, வயதானவர், கீமோ எடுப்பவர் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் பச்சைக் கறியை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். காரணம் 8-ஆம் பகுதியில்.

4. கணக்குப் போடுங்கள்

கருத்தடை செய்த, வீட்டுக்குள் இருக்கும் 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 240 கிலோ கலோரி போதும். நாம் 220 என்று வைத்துக்கொள்வோம். கருத்தடை செய்யாமல் ஓடியாடித் திரியும் பூனைக்கு 280 வரை போகலாம்.

தண்ணீர்க் கணக்கு, ஒரு கிலோ எடைக்குச் சுமார் 50 மி.லி. 4 கிலோவுக்கு 200 மி.லி. இதில் சாப்பாட்டில் இருக்கும் தண்ணீரும் சேரும்.

பல பாக்கெட்டுகளில் கலோரி போட்டிருக்க மாட்டார்கள். நீங்களே கணக்கிடலாம். லேபிளில் இருக்கும் புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். சாம்பல் சத்து (தாது உப்புகள்) இருந்தால் அதையும் கூட்டுங்கள், போடவில்லை என்றால் டிரைக்கு 8, வெட்டுக்கு 2 என்று சேர்த்துக்கொள்ளுங்கள். 100-லிருந்து கழித்தால் வருவது மாவுச்சத்து. இப்போது புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும், கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமுக்கான கிலோ கலோரி ஏறக்குறையக் கிடைத்துவிடும்.

ஒரு டிரை உணவில் புரதம் 32, கொழுப்பு 10, நார் 4, ஈரப்பதம் 10 என்றால் மாவுச்சத்து 36. மொத்தம் 323 கிலோ கலோரி. நம் பூனைக்கு நாளொன்றுக்கு 68 கிராம் போதும். அதிலிருந்து கிடைக்கும் தண்ணீர் 7 மி.லி. தான். மீதி 193 மி.லி.யை அது கிண்ணத்தில் குடித்தாக வேண்டும்.

ஒரு வெட் உணவில் புரதம் 9, கொழுப்பு 3, நார் 1, ஈரப்பதம் 82 என்றால் மாவுச்சத்து 3. 100 கிராமுக்கு 67 கிலோ கலோரி, ஒரு 85 கிராம் பவுச்சுக்கு 57. முழுக்க இதையே கொடுத்தால் நாளைக்கு நான்கு பவுச்சுக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். தண்ணீர் கிட்டத்தட்ட 270 மி.லி. சாப்பாட்டிலேயே வந்துவிடும்.

இந்த இரண்டு கணக்கையும் உங்கள் கையால் ஒரு முறை போட்டுப் பார்த்தால் டிரைக்கும் வெட்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் தண்ணீர்தான் என்று புரிந்துவிடும். செலவும் அப்போதே தெரியும். கிலோ விலையை ஒப்பிடாதீர்கள், 220 கிலோ கலோரிக்கு எவ்வளவு ரூபாய் ஆகிறது என்று பாருங்கள்.

5. லேபிளை எந்த வரிசையில் படிப்பது

முதலில் தேட வேண்டியது இது முழுமையான உணவா, துணை உணவா என்பதை. "முழுமையான, சமச்சீரான" என்ற பொருளில் ஒரு வரி ஆங்கிலத்தில் இருக்கும். சில பவுச்சுகளிலும் குழாய் வடிவக் கூழ்களிலும் "துணை உணவு" என்றோ "இடைத்தீனி" என்றோ பொடி எழுத்தில் போட்டிருக்கும். டின்னில் வரும் வெறும் மீன் துண்டு, வெறும் கோழி நார் பலவும் இந்த வகைதான். பார்க்க அசல் இறைச்சி மாதிரி இருப்பதால் இதுதான் சிறந்தது என்று நினைத்து மாதக்கணக்கில் இதையே கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இவை போகக் கூடாது.

இரண்டாவது, எந்த வயதுக்கு. "எல்லா வயதுக்கும்" என்றால் குட்டிக்கும் ஆகும். "பெரிய பூனைக்கு" என்றால் குட்டிக்கு ஆகாது.

மூன்றாவது, புரதம். இங்கேதான் எல்லோரும் ஏமாறுவார்கள். டிரையில் 32, வெட்டில் 9 என்றதும் வெட்டில் ஒன்றுமில்லை என்று தோன்றும். தண்ணீரை நீக்கிவிட்டு ஒப்பிட வேண்டும். டிரையில் ஈரம் 10 போக மீதி 90. 32-ஐ 90-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 36 சதவீதம். வெட்டில் ஈரம் 82 போக மீதி 18. 9-ஐ 18-ஆல் வகுத்தால் 50 சதவீதம். அமெரிக்காவில் விலங்குத் தீவனத்துக்குத் தரம் வகுக்கும் ஏஏஎஃப்சிஓ என்ற அமைப்பின் வரையறையில் தண்ணீர் நீக்கிய கணக்கில் பெரிய பூனைக்குக் குறைந்தது 26, குட்டிக்கு 30 சதவீதம் புரதம் இருக்க வேண்டும். இறக்குமதிப் பாக்கெட்டுகள் பலவற்றில் இந்தப் பெயரைப் பார்க்கலாம்.

நான்காவது, தயாரித்த தேதி. அட்டைப்படத்தில் இருக்கும் சால்மன் மீனுக்கு என் கணக்கில் மதிப்பெண் கிடையாது.

6. டிரை என்று முடிவானால்

டிரையில் வளரும் பூனைகள் நன்றாகவே வாழ்கின்றன. செலவு குறைவு, பகலில் வைத்துவிட்டுப் போகலாம். இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்.

ஒன்று, கிண்ணத்தை நிரப்பி வைக்காதீர்கள். நாளுக்கானதைக் காலையில் அளந்து ஒரு டப்பாவில் போடுங்கள், அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேரும் பூனைக்குப் போடுவார்கள். டப்பா காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது.

இரண்டு, தண்ணீர். அகலமான கிண்ணங்களாக இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். மீசை இடிக்கும் குறுகிய கிண்ணம் பல பூனைகளுக்குப் பிடிப்பதில்லை. சாப்பாட்டுக்குப் பக்கத்திலோ லிட்டர் பாக்ஸுக்குப் பக்கத்திலோ வேண்டாம்.

பையைத் திறந்தால் ஒரு மாதம், மிஞ்சினால் ஆறு வாரத்தில் தீர்த்துவிடுங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் கொழுப்பு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். பையோடு சேர்த்து இறுக்கமான டப்பாவில் வைத்தால் தயாரிப்புத் தேதியும் கையில் இருக்கும். கடையில் மூட்டையைப் பிரித்து கிலோ கணக்கில் அள்ளித் தரும் டிரையை வாங்காதீர்கள். எப்போது திறந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது.

எறும்பு வந்தால் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் கிண்ணத்தை வையுங்கள். எறும்புச் சாக்பீஸால் கோடு போடவே கூடாது. அதில் இருக்கும் பூச்சிமருந்து வகையை வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. காலில் பட்டதை நக்கினாலே நடுக்கமும் வலிப்பும் வரலாம்.

டிரை கடித்தால் பல் சுத்தமாகும் என்பதை நம்பி வாங்க வேண்டாம். சாதாரண டிரை பல்லில் பட்டதும் உடைந்துவிடும், தேய்ப்பதில்லை. பல்லுக்கென்றே செய்யும் பெரிய உருண்டைகள் வேறு.

7. வெட் என்று முடிவானால்

தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பூனை, அடைப்பு வந்த கடுவன், சிறுநீரகக் கோளாறு, எடை குறைக்க வேண்டிய பூனை, பல் போன கிழப்பூனை, இவற்றுக்கெல்லாம் வெட் பொருந்தும். அளவு அதிகமாகத் தெரிவதால் வயிறும் நிறையும்.

பிரித்த பவுச்சில் மிச்சத்தை மூடிய எவர்சில்வர் டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள். குளிர்ச்சியாக அப்படியே வைக்காதீர்கள், மணம் வராது. மணம் வராவிட்டால் பூனை திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டுக் கலந்தால் போதும். கையில் தொட்டால் இளஞ்சூடாக இருக்க வேண்டும்.

நான்கு பவுச் வாங்க முடியாத வீடுகளுக்கு நான் சொல்வது இதுதான்: நாளைக்கு இரண்டு பவுச், 30 கிராம் டிரை. மேலே போட்ட கணக்குப்படி கிட்டத்தட்ட 210 கிலோ கலோரி, சாப்பாட்டிலேயே 140 மி.லி. தண்ணீர். ஒப்படைத்த குட்டிகள் பெரும்பாலானவை வளர்ந்த பிறகு இந்த ஏற்பாட்டில்தான் இருக்கின்றன, நன்றாக இருக்கின்றன. ஒரு பவுச்சுக்குத்தான் பணம் இருக்கிறது என்றாலும் அந்த ஒன்று வீணில்லை.

8. பச்சைக் கறி பற்றி

இதில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வீடுகளில் பச்சைக் கறி கொடுக்க வேண்டாம். பூனை காட்டில் பச்சையாகத்தானே தின்கிறது என்று கேட்பார்கள். அது தின்பது அப்போதுதான் பிடித்த எலியை. எலும்பு, ஈரல், இதயம், குடல் உட்பட முழுதாக. நாம் வாங்கி வருவது கறிக்கடையில் மரக்கட்டை மேல் வெட்டி, வெயிலில் அரை மணி நேரம் கிடந்த துண்டு.

முதல் ஆபத்து கிருமி. சால்மோனெல்லா, ஈ கோலை, லிஸ்டீரியா மூன்றும் பச்சைக் கறியில் வரும். ஃப்ரீஸரில் உறைய வைத்தால் ஒட்டுண்ணிகள் சில சாகும், இந்தப் பாக்டீரியாக்கள் சாகாது, உருகியதும் மறுபடி பெருகும். பூனைக்கு ஒன்றும் ஆகாமல்கூட இருக்கலாம். ஆனால் அதன் மலத்திலும், நக்கிய வாயிலும், கிண்ணத்திலும், நீங்கள் கறி வெட்டிய பலகையிலும் கிருமி இருக்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இதை எப்படிச் சமாளிப்பீர்கள்? பச்சைக் கறியிலிருந்து டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனைக்குத் தொற்றி, அதன் மலம் வழியாகக் கர்ப்பிணிக்குப் போனால் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும்.

இரண்டாவது பறவைக் காய்ச்சல். 2024 டிசம்பரில் நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் 3 புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 வைரஸால் இறந்தன. தீனியாகப் போட்ட கோழி மீதுதான் சந்தேகம் விழுந்தது. அதே மாதம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், உறைய வைத்த பச்சை வான்கோழி உணவைத் தின்ற வீட்டுப் பூனை இதே வைரஸால் இறந்து, அந்த உணவையே திரும்பப் பெற்றார்கள். பூனைக்கு இந்த வைரஸ் வந்தால் இறந்துபோகவே வாய்ப்பு அதிகம். வேகவைத்தால் வைரஸ் செத்துவிடும்.

மூன்றாவது ஆபத்து, பச்சையோ வேகவைத்ததோ, வெறும் கறிக்கு உரியது. எலும்பில்லாத கறியில் கால்சியத்தைப் போல 15 மடங்குக்கும் மேல் பாஸ்பரஸ் இருக்கிறது. பூனைக்குக் கிட்டத்தட்டச் சமமாக, கால்சியம் சற்றுக் கூடுதலாக வேண்டும். குறைந்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். எங்களிடமிருந்து போன ஒரு குட்டிக்கு அந்த வீட்டார் பாசத்தோடு தினமும் போன்லெஸ் சிக்கன் மட்டும் வேகவைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் பின்னங்காலைத் தரையில் ஊன்ற முடியாமல் வந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு கண்ணாடி மாதிரி மெலிந்து, ஒரு இடத்தில் விரிசல். அதை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா அழுததை நான் மறக்கவில்லை. நல்லதுதானே செய்கிறேன் என்று செய்தார். ஒப்படைக்கும் முன் நான் சொல்லியிருக்க வேண்டும். அதிலிருந்து முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் குட்டியைக் கொடுக்கிறேன்.

மீனிலும் இப்படித்தான். பச்சை மத்தி, நெத்திலி வகை மீன்களில் தயமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கும் நொதி உண்டு. தொடர்ந்து தின்றால் தலை தொங்கிப்போகும், தள்ளாடும், வலிப்பு வரும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழக்கும். எண்ணெய் மிகுந்த மீனை மட்டுமே கொடுத்தால் வைட்டமின் இ குறைந்து தோலுக்கடியில் கொழுப்பு வீங்கி வலிக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று தினமும் ஈரல் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒட்டிக்கொள்ளும். கருவாட்டில் உப்பு. குழம்பில் ஊறிய மீனில் வெங்காயம், பூண்டு. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களை உடைக்கும். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும்.

வீட்டுக் கறிதான் கொடுக்க வேண்டும் என்று மனது கேட்டால், பத்தில் ஒரு பங்காகக் கொடுங்கள். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழித் தொடைக்கறியும் இதயமும் நல்லது, நெஞ்சுக்கறியைவிட அவற்றில் டாரின் அதிகம். வேகும்போது டாரின் தண்ணீரில் இறங்கிவிடும், அதனால் அந்தத் தண்ணீரையும் சேர்த்து ஊற்றுங்கள். மீதி ஒன்பது பங்கு முழுமையான உணவு. முழுச் சாப்பாட்டையும் வீட்டிலேயே செய்வதென்றால் கால்சியம், டாரின், வைட்டமின் இ, தயமின் எல்லாம் கிராம் கணக்கில் எழுதிய செய்முறையை மருத்துவரிடம் வாங்கி, ஒரு பொருளையும் விடாமல் செய்ய வேண்டும். பாதிப் பொருளோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம்.

9. மாற்றும் முறை

புதிதாக வந்த பூனைக்கு முதல் வாரம் முழுக்கப் பழைய இடத்தில் தின்ற அதே உணவு, அதே பிராண்டு. வீடு புதிது, ஆள் புதிது, வாசனை புதிது. சாப்பாடாவது பழையதாக இருக்கட்டும். நான் சொன்ன அந்த மூன்றாம் நாள் போன்களில் பாதி, இந்த ஒன்றைச் செய்திருந்தால் வந்திருக்காது. குடற்புழு மருந்து கொடுத்த, தடுப்பூசி போட்ட வாரத்திலும் உணவை மாற்றாதீர்கள். வயிற்றால் போனால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

ஒரே வகைக்குள் மாறுவதென்றால், அதாவது ஒரு டிரையிலிருந்து இன்னொரு டிரைக்கு, முதல் மூன்று நாள் புதியது கால் பங்கு, அடுத்த மூன்று நாள் பாதி, அடுத்த மூன்று நாள் முக்கால், பத்தாம் நாள் முழுதும். மலம் இளகினால் முந்தைய படிக்குத் திரும்பி இரண்டு நாள் கூடுதலாக நில்லுங்கள்.

டிரையிலிருந்து வெட்டுக்கு மாற்றுவது வேறு வேலை. கலந்து வைத்தால் டிரை ஊறி இரண்டும் கெட்டுவிடும், பூனை இரண்டையுமே வெறுக்கும். இப்படிச் செய்யுங்கள்.

அ) நாள் முழுக்கக் கிண்ணத்தில் டிரை இருந்தால் முதலில் அதை நிறுத்தி, மூன்று வேளை என்று நேரம் வையுங்கள். இதற்கே ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பசி இருந்தால்தான் புதியதை மோந்து பார்க்கும்.

ஆ) வேளை வந்ததும் ஒரு ஸ்பூன் வெட் உணவை மட்டும் வெதுவெதுப்பாகத் தட்டில் வையுங்கள். இருபது நிமிடம். தின்னாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் எடுத்துவிட்டு வழக்கமான டிரையைக் கொடுங்கள்.

இ) மோந்து பார்க்கிறது, நக்குவதில்லை என்றால் நான்கைந்து டிரை உருண்டைகளைப் பொடித்து மேலே தூவுங்கள். தெரிந்த வாசனை இருந்தால் வாய் வைக்கும்.

ஈ) தின்னத் தொடங்கியதும் வெட்டைக் கூட்டி, அதே கலோரிக்கு டிரையைக் குறையுங்கள். சிலது ஒரு வாரத்தில் மாறும். பத்து வயதுப் பூனைக்கு மூன்று மாதமும் ஆகலாம்.

உ) கூழ் பிடிக்காவிட்டால் கிரேவித் துண்டு, அதுவும் பிடிக்காவிட்டால் ஜெல்லி. பல பூனைகளுக்குச் சுவையைவிட வாயில் எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

"பசித்தால் தானாகத் தின்னும்" என்று பட்டினி போடவே கூடாது. நாய்க்குப் பலித்தாலும் பூனைக்கு இது ஆபத்து. சாப்பிடாத பூனையின் உடம்பு கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்பும். ஈரல் அதைத் தாங்காமல் கொழுப்பேறிச் செயலிழக்கும். குண்டுப் பூனைக்கு இரண்டு மூன்று நாள் பட்டினியே போதும். பெரிய பூனை 24 மணி நேரம், குட்டி 12 மணி நேரம் எதுவுமே தின்னவில்லை என்றால் பழைய உணவைக் கொடுத்துப் பாருங்கள். அதையும் தொடவில்லை என்றால் மருத்துவர்.

10. மாற்றிய பிறகு

முதல் மூன்று வாரம் குறிப்பு தொடரட்டும். வெட்டுக்கு மாறினால் லிட்டர் பாக்ஸில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாகும், தண்ணீர்க் கிண்ணம் அப்படியே இருக்கும். இரண்டும் எதிர்பார்த்ததுதான், பயப்பட வேண்டாம். மாற்றாமலேயே ஒரு பூனை திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்து நிறையச் சிறுநீர் போனால்தான் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் பார்க்க வேண்டும்.

மலம் உருண்டையாக, எடுத்தால் தட்டில் ஒட்டாமல் இருக்க வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் தண்ணீராகப் போனாலோ, இரத்தம் கலந்தாலோ, சோர்ந்து ஒரு மூலையில் போய்ப் படுத்தாலோ காத்திருக்காதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடை பாருங்கள். கூடினால் பத்து சதவீதம் குறையுங்கள், இறங்கினால் அதே அளவு கூட்டுங்கள். குண்டுப் பூனையை இளைக்க வைப்பதாக இருந்தால் வாரத்துக்கு ஒரு சதவீதம், மிஞ்சினால் இரண்டு. 6 கிலோ பூனைக்கு அது 60 முதல் 120 கிராம். இந்த அளவு வித்தியாசம் குளியலறைத் தராசில் சரியாகத் தெரியாது. மாதத்துக்கு ஒரு முறை மருத்துவமனைத் தராசில் நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள்.